எல்லோருக்கும் உரியவள்

இளவரசி மண்டலிகா கடலில் பாய்ந்தது தற்கொலையா, தானமா? லொம்போக் தீவின் சாசாக் மக்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். தன்னுயிரை மாய்த்துக்கொள்வது அவர்கள் மார்க்கத்தில் பெரும்பாவம். ஆனாலும் ஆண்டுதோறும் அந்த இளவரசியின் பெயரைச் சொல்லிக் குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்குத் திரள்கிறார்கள். கல்லூரியில் விலங்கியல் நடத்திய என்னை இந்தக் கேள்வி விடுவதாயில்லை.

கதைப்படி, அவளைப் பெண் கேட்டுப் பல நாட்டு இளவரசர்கள் வந்தார்கள். ஒருவனுக்கு இசைந்தால் மற்றவர்கள் படையெடுப்பார்கள், குடிகள் மடிவார்கள். எல்லோரையும் செகெர் கடற்கரைக்கு அழைத்து, தான் அனைவருக்கும் உரியவள் என்று சொல்லிவிட்டுப் பாறையிலிருந்து குதித்தாள். தேடியவர்கள் கையில் அகப்பட்டவை 'ஞாலே' என்னும் கடற்புழுக்கள். சாசாக் நாட்காட்டியில் பத்தாம் மாதம் இருபதாம் நாள், அதாவது பிப்ரவரியிலோ மார்ச்சிலோ, அவற்றைப் பிடிக்கும் 'பாவு ஞாலே' விழா. பெரியவர்கள் கூடி நாள் குறிக்கிறார்கள். நம் கார்த்திகை மீன்கூட்டம் அவர்களுக்கு 'ரோவோத்'. ஆண்டுக்கணக்கு அதை வைத்துத்தான்.

விழாவுக்கு நான் போயிருந்தபோது, விடியுமுன் இருட்டில், டார்ச் வெளிச்சத்தில், ஞாலே பச்சையும் பழுப்புமாக நூல் நூலாய் நெளிந்து வந்தன. பக்கத்தில் நின்ற மூதாட்டி தன் வலையிலிருந்து ஒரு பிடி அள்ளி என் வாளியில் போட்டார். நான் யார், எந்த ஊர் என்று கேட்கவில்லை. சிலர் பச்சையாகவே வாயில் போட்டுக்கொண்டார்கள். வாழையிலையில் மசாலாவோடு பொதிந்து சுடுவதும் உண்டு. விளைச்சல் பெருகட்டும் என்று வயலில் இடுவதும் உண்டு.

ஞாலேயில் பல இனங்கள். அவற்றில் பலோலா இனத்தில் மேலே வருவது முழுப்புழு அல்ல. தலைப்பகுதி பவளப்பாறைப் பொந்திலேயே தங்கிவிடும். முட்டையோ விந்தோ நிறைந்த பின்பகுதி மட்டும் அறுந்து, நீந்தி வந்து, வெடித்துக் கடலில் கலக்கும். தங்கிய பகுதி மறுபடி வளரும். இதைத் தெரிந்துகொண்டதால் கதை எனக்குப் பொய்த்துப் போகவில்லை. அதற்குப் பொருள் கிடைத்தது. பிறருக்கென்று தன்னிடம் இருந்ததைக் கொடுத்தாள், அது அழிவாகாது. என் மட்டில் அது தானம்தான்.

சுற்றுலாக்காரர்களால் விழா கெட்டது என்பவர்களோடு நான் சேரமாட்டேன். எல்லோருக்கும் என்றால் நேற்று விமானத்தில் வந்திறங்கியவனுக்கும்தான். வலையோடு நீரில் இறங்கட்டும். மேடையில் நடக்கும் 'புத்ரி மண்டலிகா' அழகுப் போட்டியைத்தான் மனம் ஏற்கவில்லை. பெண்களை வரிசையாக நிறுத்தி ஒருத்திக்கு முடிசூட்டுகிறார்கள். ஒருவனுக்கென்று ஆகமாட்டேன் என்றவளின் பெயரில், பலர் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் ஒருத்தி! 2021இல் திறந்த மோட்டார் பந்தயச் சாலைக்கும் அதைச் சுற்றிய விடுதி மண்டலத்துக்கும் அவள் பெயரே. அந்தப் பெயரை வைத்த நிலத்தில் வேலி போட்டு, கிராமத்தானைச் சுற்றிக்கொண்டு போகச் சொல்வது அவள் வாக்கை மீறுவது. மேடைக்கும் விளக்குக்கும் செலவிடுமுன், செகெர் கரைக்கு வலையும் வாளியுமாக நடந்து வருகிற வழியை அரசு திறந்தே வைத்திருக்கட்டும்.