காரணம் அறிதலும் கடன் அறிதலும்

நடக்கும்போது கால் தடுமாறுகின்றது, பொத்தானைப் பூட்ட முயலும் விரல் இலக்குத் தவறுகின்றது, நா குழறுகின்றது, நாளடைவில் நினைவும் விளக்கமும் மங்குகின்றன. இத்தகைய குறிகளோடு வரும் ஒருவரைக் காணும் வைத்தியர் எழுப்பும் முதல் வினா ‘ஏன்?’ என்பதே. மூளையின் குருதிக்குழாய் அடைபட்டிருக்கலாம்; நெடுநாள் மதுப்பழக்கம் காரணமாகலாம்; உயிர்ச்சத்து பி12 குறைந்திருக்கலாம்; மூளையிற் கட்டி தோன்றியிருக்கலாம்; பரம்பரையாக வந்த குறைபாடாகலாம்; உடலினுள் நஞ்சு புகுந்திருக்கலாம். குறி ஒன்றாயினும் காரணம் பல. அவற்றுட் சில தீர்க்கக்கூடியன, சில தீராதன. ஆதலாலேயே திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரமும் நோயின் முதலை ஆராய்தலை மருத்துவனின் பணிகளுள் ஒன்றாக வைத்துள்ளது.

ஆயின், நோய் விளைத்த பொருளைப் பெயர் சொல்லி அடையாளங் கண்டவுடன் காரணத் தேடல் முற்றுப் பெற்றுவிடுகின்றதா? காரணம் ஐயந்திரிபற நிறுவப்படும்வரை செயலற்றிருத்தல் அறமாகுமா? இவ்வினாக்கள் மருத்துவத்துக்கு மட்டும் உரியன அல்ல. மெய்யியலுக்கும் அறவியலுக்கும் உரியன. யப்பானின் மினமாட்டா நகரிலே நிகழ்ந்ததை முன்வைத்து இவற்றை ஆராய்தல் பொருத்தமாகும்.

மினமாட்டா, கியூசூ தீவின் மேற்குக் கரையில் அமைந்த நகரம். அங்கு சிஸ்ஸோ என்னும் இரசாயனத் தொழிற்சாலை 1932 முதல் அசற்றல்டிகைட்டு என்னும் பொருளை உற்பத்தி செய்து வந்தது. அதற்கு ஊக்கியாகப் பயன்பட்ட இரசத்தின் ஒரு பகுதி மேதைல் இரசமாக மாறி, கழிவுநீரோடு குடாவிற் கலந்தது. 1956 ஏப்ரிலில், நடக்கவும் பேசவும் இயலாத சிறுமி ஒருத்தி அத்தொழிற்சாலையின் வைத்தியசாலைக்கே கொண்டுவரப்பட்டாள். சில நாட்களில் அவளுடைய தங்கையும் அதே குறிகளுடன் வந்தாள். வைத்தியசாலையின் தலைவர் ஹொசொகாவா ஹஜிமே, மைய நரம்புத் தொகுதியைத் தாக்கும் இனந்தெரியாத நோயொன்று பரவுகின்றது என மே 1ஆம் நாள் அதிகாரிகளுக்கு அறிவித்தார். கரையோரப் பூனைகள் அதற்கு முன்னரே கூத்தாடுவனபோல் வலித்துத் துள்ளி மடிந்துகொண்டிருந்தன.

தொடக்கத்தில் இது தொற்றுநோய் எனக் கருதப்பட்டது. நோயாளர் ஒதுக்கி வைக்கப்பட்டனர். அவர்தம் வீடுகளிற் கிருமிநாசினி தெளிக்கப்பட்டது. அயலவர் அஞ்சி விலகினர். காரணத்தைப் பிழையாக உணர்தலுந் துன்பத்தைப் பெருக்கும் என்பதற்கு இது சான்று. எனினும் 1956 நவம்பரிலேயே குமமோட்டோப் பல்கலைக்கழக ஆய்வாளர், குடாவின் மீனும் சிப்பியும் வழியாக ஏதோவொரு கனவுலோக நஞ்சு உடலிற் சேர்கின்றது என்ற முடிவுக்கு வந்தனர். மங்கனீசு, செலனியம், தாலியம் எனப் பலவற்றின்மீதும் ஐயம் மாறி மாறி எழுந்தது. இங்கிலாந்திலே மேதைல் இரசத்தாற் பாதிக்கப்பட்ட தொழிலாளரைப் பற்றி 1940இல் வெளிவந்த மருத்துவ அறிக்கையிலுள்ள குறிகள் மினமாட்டா நோயாளரின் குறிகளை ஒத்திருந்தமை பின்னர் உணரப்பட்டது. 1959 யூலையில் சேதன இரசமே காரணம் எனப் பல்கலைக்கழகக் குழு அறிவித்தது. உடலின் அசைவுகளை இசைவிக்கும் மூளியையும், பார்வை முதலிய புலன்களுக்குரிய மூளையப் பகுதிகளையும் அந்நஞ்சு சிதைத்திருந்தது. தாய்க்கும் கருவுக்கும் இடையிலுள்ள சூல்வித்தகம் நஞ்சைத் தடுக்கும் என நம்பப்பட்டிருந்த அக்காலத்தில், தாய் பெரிதும் நோயுறாதிருக்கவும் குழந்தை உறுப்பிசைவும் அறிவு வளர்ச்சியுங் குன்றிப் பிறந்தது.

ஈண்டு சைவசித்தாந்தம் காரணத்தை மூன்றாகப் பகுக்கும் முறை நமக்குத் துணையாகின்றது. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். இறைவனுக்கும் உலகுக்கும் உள்ள தொடர்பை விளக்கவே இப்பகுப்பு எழுந்ததாயினும், மினமாட்டா நோயையும் இதனால் நோக்கலாம். மேதைல் இரசம் முதற்காரணம்; அதைச் சுமந்த நீரும் மீனும் துணைக்காரணம். நிமித்தகாரணம் யாது?

கழிவுநீர் வாய்க்காலைத் திறந்தவனே என்பது எளிய விடை. ஆனால் குடத்தைச் செய்யக் கருதியே குயவன் சக்கரத்தைச் சுழற்றுகின்றான். நோயை விளைக்கக் கருதி எவரும் அவ்வாய்க்காலைத் திறந்திலர். ஆகவே இங்கு நிமித்தகாரணமே இல்லை என்று ஒருவர் வாதிடக்கூடும். இவ்வாதத்தின் குறை, காலத்தைக் கருதாமையாகும். மண்ணும் சக்கரமும் அறிவற்றன, குயவன் அறிவுடையவன். அறிவே நிமித்தகாரணத்தைப் பிற காரணங்களினின்றும் பிரித்துக் காட்டுவது. விளைவை அறியாது கழிவை விட்டவர் துணைக்காரணத்தோடு வைத்து எண்ணத்தக்கவர். அறிந்த பின்னரும் விட்டவரோ, அவ்விளைவை விரும்பாராயினும், அதன் நிமித்தகாரணராகின்றனர். செயலில் மாற்றம் எதுவுமில்லை. அதே வாய்க்கால், அதே நீர். அறிவு புகுந்தமையாற் செயலின் அறநிலை மாறிவிடுகின்றது.

அங்ஙனமாயின் எவ்வளவு அறிந்தாற் போதும் என்ற வினா எழுகின்றது. 1957இல் குடாவின் மீனைத் தடைசெய்யுமாறு கேட்கப்பட்டபோது, எல்லா மீனும் நஞ்சேறியவை என்பதற்குத் தெளிவான சான்று இல்லை என மத்திய அரசின் சுகாதார அமைச்சு மறுத்தது. இதனோடு 1854இல் இலண்டனில் நிகழ்ந்ததை ஒப்பிடலாம். வாந்திபேதி பரவியபோது, இறப்புகள் ஒரு தெருக்கிணற்றுப் பம்பியைச் சூழ்ந்திருப்பதை யோன் சினோ என்ற வைத்தியர் காட்டினார். பம்பியின் கைபிடி அகற்றப்பட்டது. அந்நோயின் கிருமியை றொபேட் கொக் இனங்கண்டு அறிவித்ததோ ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்தே. நஞ்சின் பெயர் தெரியாமலே நஞ்சு வரும் வழியை அடைக்கலாம். விஞ்ஞானத்துக்கு வேண்டிய உறுதி வேறு. உயிரைக் காத்தற்கு வேண்டிய உறுதி வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதை மறுத்தல் நேர்மையன்று.

ஐயத்தை மட்டுங் கொண்டு ஒரு தொழிலை முடக்கினால் அதை நம்பிய தொழிலாளர் கதியாது எனக் கேட்கப்படலாம். இது புறக்கணிக்கத்தக்க வினாவன்று. மினமாட்டா நகரமே அத்தொழிற்சாலையை அண்டி வாழ்ந்தது. எனினும் இரு பிழைகளின் எடையும் ஒன்றன்று. தவறாக மூடப்பட்ட ஆலையை மீண்டும் திறக்கலாம். இழந்த கூலியை ஈடுசெய்யலாம். சிதைந்த மூளிக்கு ஈடில்லை. மீளமுடியாத தீங்கு ஒரு தட்டிலும் மீளக்கூடிய தீங்கு மறுதட்டிலும் இருக்கையில், ஐயத்தின் பயனை உயிருக்கு அளித்தலே முறை. அன்றியும், ‘பொறுத்திருப்போம்’ என்பது நடுநிலையன்று. எவர் துன்புறுவர் என்பதைத் தீர்மானிக்கும் செயலே அதுவும்.

இவ்வறச்சிக்கலின் முழுப் பாரமும் ஒரு மனிதர்மீது விழுந்தது. ஹொசொகாவா, தொழிற்சாலையின் கழிவுநீரை உணவிற் கலந்து பூனைகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். 1959 ஒற்றோபரில் 400 என்ற எண்ணிடப்பட்ட பூனை அதே நோய்க்குறிகளைக் காட்டிற்று. நிறுவனம் அம்முடிவை வெளியிடவில்லை. அவ்வாண்டு திசம்பரில், அதே நிறுவனம் நோயாளர் குடும்பங்களோடு ‘அனுதாபப் பணம்’ என்ற பெயரில் உடன்படிக்கை செய்தது. தொழிற்சாலையே காரணம் எனப் பின்னர் தெரியவந்தாலும் மேலதிகம் கோருவதில்லை என்ற நிபந்தனை அதில் இருந்தது. ஒரு தரப்பு அறிந்தும் மறுதரப்பு அறியாதும் இட்ட ஒப்பம் அது. 1970இல், மரணப்படுக்கையிலிருந்து ஹொசொகாவா உண்மையைச் சாட்சியமாக அளித்தார். அவர் காத்த மௌனத்தை நாம் நியாயப்படுத்த இயலாது. அச்சாட்சியத்தின் பெறுமதியை மறுக்கவும் இயலாது. 1973 மார்ச்சில் குமமோட்டோ மாவட்ட நீதிமன்றம் நிறுவனத்தின் கவனயீனத்தை உறுதிசெய்து, அவ்வுடன்படிக்கை பொது ஒழுக்கத்துக்கு முரணானதெனத் தள்ளியது.

இடைப்பட்ட காலத்துக்கான விலையைப் பிறர் கொடுத்தனர். 1965இல் நீகாட்டாப் பகுதியில், வேறொரு நிறுவனத்தின் ஆலைக்கழிவினால் அதே நோய் மீண்டும் தோன்றிற்று. யப்பானிய அரசு மினமாட்டா நோயின் காரணத்தை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது 1968 செத்தெம்பரில். அவ்வுற்பத்தி முறை அவ்வாண்டு மே மாதத்திலேயே கைவிடப்பட்டிருந்தது. உற்பத்திக்கு இடையூறாக இருந்தவரை ஏற்கப்படாத உண்மை, உற்பத்தி நின்றபின் ஏற்கப்பட்டது என்பது சிந்திக்கத்தக்கது.

ஆகவே, தடுமாறும் காலுக்கும் மங்கும் அறிவுக்கும் காரணம் தேடுவோர் நோயாளியின் மூளையோடு நின்றுவிடலாகாது. மூளையிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து நீருக்கும், நீரிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து அதை அடைக்காதிருந்த மனிதருக்கும் அத்தேடல் செல்லவேண்டும். காரணத்தை அறிந்தவர் அந்தக் கணமே அக்காரணத்தின் ஒரு கூறாக நிற்கின்றார். அதனைத் தடுத்தாலன்றி அவர் அதிலிருந்து விடுபடுதல் இல்லை.