நாணமா முதலீடு?

அழகு அனைவர்க்கும் உரியதா, அன்றிச் செல்வர்க்கு மட்டுமே உரியதா? இக்கேள்விக்குக் கடலூர் ஒரு விடை பகர்ந்தது. மாளிகைக் குளியலறையில் மணத்த ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்துத் தந்தார் சின்னி கிருஷ்ணன். 1983-இல் அவர் மகன் ரங்கநாதன் தொடங்கிய நிறுவனத்தின் 'சிக்' ஷாம்பு, பெட்டிக்கடைதோறும் சரஞ்சரமாகத் தொங்கிற்று. சீமாட்டியின் கூந்தலுக்குக் கிடைத்த நுரை, சேற்றிலே நாற்று நட்டவளின் கூந்தலுக்கும் சில்லறைக் காசில் கிடைத்தது. தூய்மை பொதுவுடைமையாவதை நாம் வரவேற்கிறோம்.

ஆனால், அதே நிறுவனம் 1998-இல் 'ஃபேர்எவர்' எனும் சிவப்பழகு கிரீமையும் கொணர்ந்தது. 1975-இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' காட்டிய வழி அது. அழுக்கைப் போக்கும் பொருளை விற்பது வணிகம். கருமையே அழுக்கு எனக் கற்பித்து விற்பது வணிகமா, வஞ்சகமா? வெயிலிலே உழைத்த தாயின் நிறம் தனக்கும் வாய்த்ததே என்று மகள் நாண வேண்டுமாம்! அந்த நாணமே முதலீடு, அதன்மேல் இலாபம்!

2020-இல் 'ஃபேர்' என்ற சொல்லை அகற்றி, 'க்ளோ' என்று மாற்றினர். பெயர் மாறிற்று, பள்ளி நாடகத்திலே சிவந்த மாணவிக்கு அரசி வேடமும், கரிய மாணவிக்குப் பணிப்பெண் வேடமும் வகுக்கும் மனப்போக்கு மாறிற்றா?

அழகுத் தொழில் வளரட்டும். அழகு நிலையங்களில் உழைத்துச் சொந்தக் காலில் நிற்கும் பெண்டிர் வாழட்டும். எனினும், காசை நீட்டுமுன் ஒன்று கேட்போம்: இப்பொருள் நம் உடலைப் பேணுகிறதா, நம் உடலை நாமே வெறுக்கச் செய்கிறதா? முன்னதை விலை கொடுத்து வாங்குவோம். பின்னதை இனாமாகத் தரினும் ஏற்கோம்!