விமானியை எந்த அளவு நம்பலாம்?

வில்லியனூர் சுல்தான்பேட்டையில் ஒரு வீட்டிற்கு துஆ ஓத அழைக்கப்பட்டிருந்தோம். அவ்வீட்டுப் பிள்ளை விடுமுறை முடிந்து துபாய்க்குத் திரும்புகிறார். சென்னைக்குப் புறப்பட வாசலில் கார் நிற்கிறது. துஆ முடிந்ததும், திரைக்கு அப்பாலிருந்து அவருடைய தாயார் ஒரு கேள்வி கேட்டார்:

"ஹஜரத், 2025 ஜூனிலே அகமதாபாத்திலே விமானம் விழுந்ததிலிருந்து இவனை ஏற்றி அனுப்பும்போதெல்லாம் நெஞ்சு பதறுது. அல்லாஹ்வை நம்புன்னு சொல்றீங்க, நம்புறேன். ஆனா ஓட்டுகிறவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லையே, அவரை எப்படி நம்புறது?"

காரோட்டி நேரமாகிறது என்று அவசரப்படுத்தவே, இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டு வந்துவிட்டோம். ஆறுதல் வேறு, பதில் வேறு. பதிலை இங்கு எழுதுகிறோம்.

தவக்குல் என்றால் என்ன என்பதை நம் வாசகர்களுக்கு விரித்துரைக்கத் தேவையில்லை. ஒட்டகத்தைக் கட்டாமல் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டட்டுமா என்று வினவியவரிடம், முதலில் கட்டு, பிறகு பொறுப்புச் சாட்டு என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்த செய்தியைச் சிறு பிள்ளைகளும் அறிவர். விமானப் பயணத்தில் நமக்காக ஒட்டகத்தைக் கட்டும் வேலையைப் பலர் செய்கிறார்கள். விமானிக்கு உரிமம் வேண்டும். குறித்த காலத்திற்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும். சிமுலேட்டர் என்னும் போலி விமான அறையில் மீண்டும் மீண்டும் தேர்வு கொடுக்க வேண்டும். குடித்திருக்கிறாரா என்று மூச்சைச் சோதிக்கும் முறையும் நம் நாட்டில் உண்டு. ஆகவே முகம் தெரியாதவரை நம்புவது அசட்டுத்தனமல்ல. வைத்தியரை நம்புவதும் இவ்வகையே.

ஆனால் அந்தத் தாயின் கேள்வி இதோடு தீர்ந்துவிடவில்லை. தேர்ந்த விமானியும் மனிதர்தாமே? அவர் தவறினால்?

2010 மே 22 அதிகாலை. துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் 166 பேர் இருந்தார்கள். வளைகுடாவில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர்கள், அவர்களின் மனைவி மக்கள் எனப் பலர். மங்களூர் ஓடுபாதை குன்றின் உச்சியைச் சமன் செய்து போட்டது. அதன் முடிவில் பள்ளம். விமானம் பாதையைத் தாண்டி அப்பள்ளத்தில் விழுந்து தீப்பற்றியது. 158 பேர் மறைந்தனர். எட்டுப் பேர் பிழைத்தனர்.

ஏர் மார்ஷல் கோகலே தலைமையிலான விசாரணை மன்றம் விமானியறையின் ஒலிப்பதிவைக் கேட்டது. கேப்டன் பத்தாயிரம் மணி நேரத்திற்கு மேல் பறந்த அனுபவசாலி. (மறைந்தவர்களின் குறையைப் பேசுவதை மார்க்கம் விரும்பாததால் அவர் பெயரை எழுதவில்லை.) பயணத்தின் பெரும் பகுதியில் அவர் உறங்கியிருக்கிறார். விழித்த பிறகும் உறக்கத்தின் மந்தம் நீங்கவில்லை. விமானம் இருக்க வேண்டியதைவிட மிக உயரத்தில் இருந்தது. பக்கத்திலிருந்த துணை விமானி அதைக் கண்டுகொண்டார். இறங்க வேண்டாம், மேலே எழும்பிச் சுற்றி வாருங்கள் என்று மூன்று முறை சொன்னார். கேப்டன் இறக்கிக்கொண்டே போனார்.

துணை விமானி ஏன் தாமே கட்டுப்பாட்டைக் கையில் எடுக்கவில்லை? அவர் எடுக்கலாமா கூடாதா என்பதில் விதிகளே தெளிவாக இல்லை. அதனாலேயே சொன்னதோடு நின்றிருக்கலாம் என்று அறிக்கை கூறுகிறது. இவ்விடத்தில் நாம் நெடுநேரம் நின்றுவிட்டோம். அவரைக் குறை சொல்ல நமக்கு நா எழவில்லை. விதியைத் தெளிவில்லாமல் விட்டவர்கள் மீதே நம் வருத்தம்.

ஏனெனில் இந்த மஸ்அலாவை நம் மக்தபில் ஓதும் பத்து வயதுப் பிள்ளை அறியும். இமாமைப் பின்தொடர்வது கடமை. அவருக்கு முன் குனிவதும் நிமிர்வதும் கூடாது. அதே இமாம் மறந்தால்? ஆண்கள் ஸுப்ஹானல்லாஹ் என்று சொல்லி உணர்த்த வேண்டும்; பெண்கள் கைதட்ட வேண்டும். நான்கு ரக்அத் முடிந்த பின் அவர் மறதியாக ஐந்தாவதற்கு எழுந்துவிட்டால், அறிந்த முக்ததீ அவரோடு எழக்கூடாது. பின்தொடர்தலுக்கு எல்லை எது என்பது இங்கே தெளிவாக வகுக்கப்பட்டிருக்கிறது.

துல்யதைன் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஒருநாள் நபி (ஸல்) அவர்கள் நான்கு ரக்அத் தொழுகையை இரண்டில் முடித்துவிட்டார்கள். ஜமாஅத்தில் அபூபக்கர் (ரலி), உமர் (ரலி) இருவரும் இருந்தார்கள். ஆனால் பேச அஞ்சினார்கள்! எத்தகைய இருவர் என்று எண்ணிப் பாருங்கள். மரியாதை அவர்களின் வாயைக் கட்டிவிட்டது. அப்போது துல்யதைன் (ரலி) எழுந்து, தொழுகை சுருக்கப்பட்டுவிட்டதா, தாங்கள் மறந்தீர்களா என்று கேட்டார். நபியவர்கள் கோபம் கொள்ளவில்லை. மற்றவர்களிடம் விசாரித்தார்கள், உண்மை என்று அறிந்ததும் விடுபட்டதைத் தொழுது, மறதிக்கான ஸஜ்தாவும் செய்தார்கள்.

விமான உலகம் இப்பாடத்தை வெகு காலம் கழித்துப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1977 மார்ச் 27இல் டெனரீஃப் தீவின் ஓடுபாதையில் இரு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் மாண்டனர். மற்ற விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்று பொறியாளர் ஐயம் எழுப்பினார். மூத்த கேப்டன் அதைத் தள்ளிவிட்டுப் பாய்ந்தார். அதன் பின்னரே, கீழிருப்பவர் துணிந்து சொல்லவும் மேலிருப்பவர் செவிகொடுக்கவும் பயிற்சி முறைகள் வந்தன. வந்தும் என்ன? 2020 ஆகஸ்ட் 7 இரவு மழையில் கோழிக்கோட்டில் இறங்கிய விமானத்திலும் துணை விமானி மேலே எழும்பச் சொன்னார், கேட்கப்படவில்லை. இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள்.

பெரிய பள்ளிவாசலில் கடைசி வரிசையில் நிற்பவருக்கு இமாம் தெரிவதில்லை. அறிவும் முதிர்ச்சியும் உடையவர்கள் தமக்கு அடுத்து நிற்கட்டும் என்று நபியவர்கள் பணித்ததில் உள்ள நன்மைகளில் இதுவும் ஒன்று என்று கருதுகிறோம்: பின்னால் நிற்போர் எல்லோருக்காகவும் முன்வரிசை விழித்திருக்கும். அந்தத் தாய்க்கு நாம் சொல்லக்கூடிய பதில் இதுதான். அம்மா, உங்கள் பிள்ளை நம்புவது ஒரு மனிதரை மட்டுமன்று. அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து தவறைச் சொல்லக் கூடியவரையும், அவரைச் சொல்லவிடும் ஒழுங்கையும் சேர்த்துத்தான். அவ்வொழுங்கு கெட்ட இடத்தில் கேப்டனின் பத்தாயிரம் மணி நேரமும் உதவவில்லை.

பயணிகளின் பங்கும் உண்டு. தரை தொடப்போன விமானம் திடீரென்று மேலே எழும்பினால், 'இவருக்கு இறக்கவே தெரியவில்லை' என்று நம்மவர்கள் முணுமுணுக்கிறார்கள். மழைக்காக வேறு ஊரில் இறக்கினால் பணிப்பெண்ணிடம் சண்டை. அந்த விமானி ஸஜ்தா ஸஹ்வு செய்கிறார் ஐயா! நாம் ஏசுவது அவரை மட்டுமல்ல. அடுத்த முறை அவசரத்தில் இறக்கிவிடத் தூண்டுகிறோம்.

இவ்வளவும் எழுதிய நாம் யோக்கியரா என்றால், இல்லை. சென்ற மாதம் பாகூரிலிருந்து கடலூருக்குப் பஸ்ஸில் போனோம். டிரைவர் ஒரு கையில் போனைப் பிடித்துப் பேசிக்கொண்டே ஓட்டினார். நாம் அவருக்குப் பின்னாலேயே, முதல் இருக்கையில், தலைப்பாகையோடு அமர்ந்திருந்தோம். சொன்னால் ஏதேனும் எதிர்த்துப் பேசிவிடுவாரோ என்ற தயக்கம். வாய்க்குள் திக்ரு ஓடிக்கொண்டிருந்தது. நாலு இருக்கை தள்ளிக் காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு மீன்காரம்மா, "தம்பி, போனை வச்சிட்டு ஓட்டுப்பா, இத்தனை உசுரு இருக்குதில்ல" என்று உரக்கச் சொன்னார். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.