வந்தியம்மைக்கு வந்த கூலியாள்



ஒரு வெள்ளிக்கிழமை. திருமுறை வகுப்பு முடிந்து எல்லோரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஒரு தங்கை மட்டும் தயங்கி நின்றார். நான்கு வருடமாக வகுப்புக்குத் தவறாமல் வருகிறவர். நல்ல குரல். "ஐயா, அடுத்த மாசத்திலேருந்து நான் வர முடியாதுங்க" என்றார்.

ஏம்மா என்று கேட்டேன். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, கொமுட்டர் ரயில் பிடித்து கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகிறார். வீடு திரும்ப இரவு எட்டு ஆகிவிடும். அதற்கு மேல்தான் பாத்திரம், துணி, மறுநாள் சமையலுக்குக் காய் நறுக்குவது எல்லாம். அம்மாவுக்குச் சர்க்கரை, முழங்கால் வலி வேறு. சனி, ஞாயிறு முழுக்க வீட்டைக் கூட்டித் துடைப்பதிலேயே போய்விடும். "ஞாயித்துக்கெழம ராத்திரி ஆனாலே அழுகை வருதுங்க ஐயா. எதுக்குன்னே தெரியல" என்றார்.

"துணிய டோபில குடுத்துடலாமேம்மா? வாரம் ஒரு தடவ வீடு துடைக்க ஆள் வெச்சுக்கலாமே?"

"கேட்டுப் பாத்துட்டேங்க. நம்ம வீட்டு வேலைய நாமே செய்யாட்டி லட்சுமி தங்க மாட்டான்னு அம்மா சொல்றாங்க. காசு குடுத்து ஆள் வெச்சா பாவமா ஐயா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த அம்மா சொன்ன அதே வார்த்தையை நானே எத்தனையோ மேடையில் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்குக் கார் ஓட்டிக்கொண்டு வரும் வழியெல்லாம் யோசித்தேன். சொக்கநாதர்தான் ஒரு கிழவியை நினைவுபடுத்தினார்.

மதுரையில் வந்தி என்று ஒரு மூதாட்டி. கணவன் இல்லை, பிள்ளை இல்லை. பிட்டு அவித்து விற்று, அதில் முதலில் சொக்கநாதருக்குப் படைத்துவிட்டு, தன் வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தவர். வாதவூரர் பொருட்டு இறைவன் வைகையில் வெள்ளம் வரச் செய்தார். கரை உடைந்தது. வீட்டுக்கு ஒரு பங்கு கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டிய மன்னன் கட்டளை போட்டான். வந்திக்கும் ஒரு பங்கு வந்தது. பாட்டி என்ன செய்வார்? கூடை சுமக்க உடம்பில் தெம்பில்லை. அனுப்ப ஆளும் இல்லை.

வந்தி என்ன செய்தார் என்று கவனியுங்கள். "இது என் பங்கு, செத்தாலும் நானே சுமப்பேன்" என்று வீம்பு பிடிக்கவில்லை. தன்னால் முடியாது என்று ஒப்புக்கொண்டார். கூலிக்கு ஆள் தேடினார். தலையில் சும்மாடும் கையில் கூடையும் மண்வெட்டியுமாக ஓர் இளைஞன் வந்தான். உதிர்ந்த பிட்டெல்லாம் உனக்குக் கூலி என்று பேசி முடித்தார்கள். வந்தவன் யார் என்று உங்களுக்குத் தெரியும். பரஞ்சோதி முனிவர் பாடிய அறுபத்து நான்கு திருவிளையாடல்களில் இது 61ஆவது. இன்றைக்கும் மதுரையில் ஆவணி மாதம் பிட்டுத் திருவிழாவாகக் கொண்டாடுகிறார்கள்.

இளைஞர்களே, ஆள் வைத்து வேலை வாங்குவது பாவமாக இருந்தால், அந்த ஆளாகச் சிவபெருமான் வந்திருப்பாரா? முடியாத பாரத்தை இன்னொரு தோளுக்கு மாற்றுவதில் குற்றமில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இது நம் சமூகத்துக்கும் புதிதில்லை. நம் பாட்டிமார்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார்களே, விடியுமுன் பெரட்டுக்குப் போகும்போது கைக்குழந்தையை என்ன செய்தார்கள்? ஆயாக் கொட்டகையில் விட்டார்கள். ஓர் ஆயா பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்குத் தூளி ஆட்டினார், பால் கொடுத்தார். அந்த ஆயா இல்லை என்றால் மரம் வெட்டியிருக்க முடியாது, அடுப்பும் எரிந்திருக்காது. அதனால் லட்சுமி லயத்து வீட்டை விட்டுப் போய்விட்டாளா? போகவில்லை. அந்தப் பிள்ளைகளில் பலர்தான் இன்று உங்களுக்குத் தாத்தா பாட்டி.

உடம்பும் மனமும் ஒரேயடியாகத் தேய்ந்து போவதைச் சோம்பேறித்தனம் என்று சிலர் கேலி செய்கிறார்கள். கவனித்துச் சரிசெய்யாமல் விட்ட வேலை அழுத்தத்தால் வரும் ஒரு நிலை என்று உலகச் சுகாதார நிறுவனமே 2019ஆம் ஆண்டு அதை விளக்கியிருக்கிறது. சம்பளம் வாங்கும் வேலையைப் பற்றி அவர்கள் சொன்னது அது. அந்த வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் இன்னொரு ஷிப்ட் காத்திருக்கிறதே, அதையும் சேர்த்துப் பாருங்கள். கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் கண்ணன், உணவிலும் உறக்கத்திலும் உழைப்பிலும் அளவு காப்பவனுக்கே யோகம் துன்பத்தைப் போக்கும் என்கிறார். அளவு மீறிய உழைப்பைத் தவம் என்று அவர் சொல்லவே இல்லை.

இதுவரை கேட்டுவிட்டு, "ஆஹா, ஐயாவே சொல்லிட்டாரு, இனிமே எல்லாத்துக்கும் ஆப்தான், ஆள்தான்" என்று கிளம்பிவிடாதீர்கள். கதை இன்னும் முடியவில்லை. எனக்கு உறைத்த இடமே இனிமேல்தான் வருகிறது.

அந்தத் தங்கைக்கு ஒரு தம்பி இருக்கிறார். நல்ல பையன். நம் உழவாரப் பணிக்கு எப்போதும் முதல் ஆளாக வருவார். கோயில் சாக்கடையில் கை விட்டு அள்ளுவதற்கும் தயங்காதவர். அடுத்த வாரம் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "தம்பி, கோயில்ல அன்னதானப் பாத்திரம் எத்தன கழுவுவீங்க?" "அம்பது அறுவது கழுவுவேங்க ஐயா." "வீட்ல?" தம்பி சிரித்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? தொண்டைப் பற்றி ஒன்றரை மணி நேரம் சொற்பொழிவு செய்துவிட்டு, இரவு பத்தரை மணிக்கு வீட்டுக்கு வந்து, சாப்பிட்ட தட்டை அப்படியே சிங்கில் போட்டுவிட்டுப் படுத்தவன்தான் நானும். என் மனைவியும் வேலைக்குப் போகிறவர். காலையில் தட்டு சுத்தமாக இருக்கும். யார் கழுவியது என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

வீட்டு வேலைக்கு ஆள் வைக்கலாமா என்று இப்போது கேட்கிறோம். நாம் எப்போதோ வைத்துவிட்டோம். அம்மாவை வைத்தோம், அக்காவை வைத்தோம், கட்டிய மனைவியை வைத்தோம். கூலி இல்லை, விடுமுறை இல்லை. வந்திப் பாட்டியாவது தன் ஆளுக்கு உதிர்ந்த பிட்டு கொடுத்தார். நாம் அதற்குப் பதிலாக "எங்கம்மா தெய்வம்" என்று ஒரு பட்டம் கொடுத்துவிட்டு, தட்டை நீட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே, வெளியிலிருந்து ஆள் தேடுவதற்கு முன்னால், வீட்டுக்குள் இருக்கும் கைகளை எண்ணிப் பாருங்கள். நான்கு பேர் இருக்கும் வீட்டில் எட்டு கை இருக்கிறது. இரண்டு கை மட்டும் வேலை செய்தால் அந்த வீட்டுக்கு முதலில் தேவை கூலியாள் அல்ல, வெட்கம். அப்பர் சுவாமிகளை நினைத்துக்கொள்ளுங்கள். 81 வயதிலும் கையை விட்டு உழவாரத்தை இறக்காதவர். திருப்புகலூரில் அவர் செதுக்கிய மண்ணில் பொன்னும் மணியும் கிடந்தன. கல்லோடு கல்லாக அதையும் வாரிக் குளத்தில் போட்டுவிட்டு, தம் வேலையைப் பார்த்தவர். அவருடைய உழவாரத்தைக் கோயிலில் தூக்குகிற நமக்கு, வீட்டுத் துடைப்பம் மட்டும் கனக்கலாமா?

கைகளை எண்ணிப் பார்த்தபின்னும் பாரம் மிஞ்சினால், தாராளமாக ஆள் வையுங்கள். வைத்தால் எப்படி நடத்துவது? அதற்கும் அதே கதையில் பாடம் இருக்கிறது.

வந்தியின் கூலியாள் ஒழுங்காகவா வேலை செய்தார்? பிட்டைத் தின்றார், ஆடினார், பாடினார், கூடையைத் தலைக்கு வைத்துத் தூங்கினார். கரை பார்க்க வந்த பாண்டியன் கோபத்தில் பொற்பிரம்பால் ஓங்கி அடித்தான். அந்த அடி அரசன் முதுகில் விழுந்தது. அரசி முதுகில், அமைச்சர் முதுகில், அண்டத்து உயிர்கள் அத்தனையின் முதுகிலும் விழுந்தது. கூலியாளோ ஒரு கூடை மண்ணைக் கரையில் கொட்டிவிட்டு மறைந்தார். கரை அடைபட்டது. கூலிக்காரனை அடித்தால் அடி யாருக்கு வலிக்கும் என்று காட்டத்தான் அத்தனை நாடகமும்.

"கூலி" என்ற சொல் மற்றவர்களுக்கு வெறும் சொல்லாக இருக்கலாம். மலேசியத் தமிழனுக்கு அது தழும்பு. ஒப்பந்தக் கூலியாக வந்தோம். அந்த முறை 1910இல் நின்றது. கங்காணி வழியாக வந்தோம். அது 1938 வரை நீடித்தது. துரை பேசிய பேச்சையும் கங்காணி போட்ட கூச்சலையும் கேட்டு வளர்ந்த குடும்பங்கள் நாம். அந்தச் சொல்லைத்தான் மதுரைச் சொக்கன் தன் தலையில் சும்மாடாகச் சுற்றிக்கொண்டு வந்தான். அப்படிப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று நம் வீட்டைத் துடைக்க வரும் இந்தோனேசியப் பெண்ணுக்குத் தனி டம்ளர் எடுத்து வைக்கலாமா? அவருடைய கடப்பிதழை அலமாரியில் பூட்டி வைக்கலாமா? அது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். தர்மப்படி அதைவிடப் பெரிய குற்றம். வீட்டோடு வேலைக்கு ஆள் வைக்கிறவர்கள் 2021 ஜூன் முதல் அவர்களுக்கும் சொக்சோ சந்தா கட்ட வேண்டும். கட்டிவிட்டீர்களா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பேசிய சம்பளத்தைப் பேசிய நாளில் கொடுங்கள். மழையில் நனைந்து சாப்பாடு கொண்டுவரும் தம்பியிடம் ஐந்து நிமிடத் தாமதத்துக்காகச் சீறாதீர்கள். கையில் தண்ணீர் கொடுத்து அனுப்புங்கள்.

துணி துவைக்கிறவரை அலட்சியமாகப் பார்க்கும் எண்ணம் வந்தால், காஞ்சிபுரத்துத் திருக்குறிப்புத் தொண்டரை நினையுங்கள். அடியார்களின் அழுக்குத் துணியை வெளுப்பதையே வழிபாடாகச் செய்தவர். ஒரு கிழவரின் கந்தையைப் பொழுது சாய்வதற்குள் உலர்த்தித் தருவதாக வாக்குக் கொடுத்தார். மழை விடவில்லை. அந்த முதியவர் குளிரில் நடுங்குவாரே என்று தாங்க முடியாமல் துவைக்கிற கல்லிலேயே தலையை மோதினார். இறைவனின் கை எழுந்து தடுத்தது. அறுபத்து மூவரில் ஒருவராக நம் கோயில் பிரகாரங்களில் அவர் நிற்கிறார். அடுத்த முறை டோபிக் கடைக்குப் போகும்போது நினைவிருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. மிச்சமான நேரத்தை என்ன செய்யப் போகிறீர்கள்? டோபிக்குக் காசு கொடுத்து மிச்சம் பிடித்த இரண்டு மணி நேரத்தைக் கைப்பேசி தின்றுவிட்டால், காசும் போச்சு, களைப்பும் அப்படியே இருக்கும். தூங்குங்கள், தப்பே இல்லை. நடந்துவிட்டு வாருங்கள். பத்து நிமிடம் கண்மூடி உட்காருங்கள். சில காரியங்களை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். சாமி விளக்கை நீங்களே ஏற்றுங்கள். படுத்திருக்கும் அப்பாவுக்கு ஒரு வேளையாவது உங்கள் கையால் ஊட்டுங்கள். பிள்ளை கேட்கும் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லுங்கள். இவற்றுக்கு நேரம் கிடைக்கத்தானே மற்றதைக் கொடுத்தோம்?

அந்தத் தங்கை இப்போது என்ன ஆனார் என்று கேட்பீர்கள். துணி சுயசேவை டோபிக்குப் போகிறது. தூக்கிக்கொண்டு போய் மடித்துக் கொண்டு வருவது தம்பியின் பொறுப்பு. ராத்திரிப் பாத்திரமும் அவருடையதுதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓர் அக்கா வந்து வீட்டைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார். தங்கை வகுப்பை விடவில்லை.

போன வெள்ளிக்கிழமை அவருடைய அம்மாவும் வந்திருந்தார். நான்கு வருடத்தில் முதல் முறை. அன்று நான் சொன்னது இதே வந்தியம்மை கதை. முடிந்ததும் மெதுவாக எழுந்து, காலைத் தேய்த்துக்கொண்டே என்னிடம் வந்தார். "நல்லா சொன்னீங்க சாமி. வந்திக்கு ஒத்தாசைக்கு ஒரு ஆள் வந்தாரு. எனக்கு இத்தன வருசமா யாரும் வரல. வரலாம்னு எனக்கும் தோணல" என்றார்.

நான் என்ன பதில் சொல்வது? கை கூப்பினேன். அவ்வளவுதான்.

இளைஞர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு வந்தி தன் பங்குக் கரையை ஒற்றை ஆளாக அடைத்துக்கொண்டிருக்கிறார். கூடையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு சொக்கநாதர் மறுபடி வருவார் என்று காத்திருக்க வேண்டாம். இன்றிரவு சாப்பிட்டு முடித்ததும் நீங்கள் எழுந்து போங்கள். உதிர்ந்த பிட்டு கிடைக்காமலா போகும்?

எல்லாம் வல்ல சிவபெருமான் உங்கள் வீட்டு அம்மாக்களுக்கு ஓய்வையும், உங்கள் கைகளுக்கு வலிமையையும் அருளட்டும்.

திருச்சிற்றம்பலம்.