தேர்ந்தெடுத்தலும் அதன் கடனும்

வேளச்சேரியிலிருந்து தாம்பரம் செல்லும் சாலையில், ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர்ப் பகுதிகளில் வீடு கட்டப்படாத மனை ஒன்று எஞ்சியிருக்குமானால், ஞாயிறு காலையில் அங்கே கிரிக்கெட் ஆட்டம் நடவாதிருப்பது அரிது. காசு செலுத்திப் பயிற்சி மையங்களுக்கு அனுப்பப்படும் சிறுவர்களும் இன்று பலர். திருப்பலி முடிந்ததும் பெற்றோர் சிலர் தயங்கி நின்று கேட்கிறார்கள்: "ஃபாதர், பையன் இதில் தேறுவானா? படிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு இதையே பிடித்துக்கொள்ளட்டுமா?" பந்தைப் பற்றிய கேள்வி போல இது தோன்றினும், உண்மையில் இது ஓர் அறநெறிக் கேள்வி. வளர்ந்துகொண்டிருக்கும் ஒருவனைப் பார்த்து, 'நீ இன்னவனாக ஆவாய், ஆகமாட்டாய்' என்று தீர்ப்பிட மற்றொரு மனிதனுக்கு எந்த அளவு உரிமை உண்டு?

இக்கேள்வியை நம் காலம் கூர்மையாக்கிவிட்டது. 2008 பிப்ரவரியில் ஐ.பி.எல். போட்டிக்கான முதல் ஏலம் மும்பையில் நடந்தது முதல், விளையாட்டு வீரரின் எதிர்காலம் பற்றிய கணிப்பு ஒரு விலையாகவே அறிவிக்கப்படுகிறது. 2024 நவம்பரில் ஜெட்டா நகரில் நடந்த ஏலத்தில் பீகாரைச் சேர்ந்த வைபவ் சூர்யவன்ஷி என்னும் 13 வயதுச் சிறுவனை ராஜஸ்தான் அணி 1 கோடியே 10 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அச்சிறுவன் 35 பந்துகளில் சதம் அடித்தான். கணிப்பு பலித்தது என்று எல்லாரும் மகிழ்ந்தோம். பலித்த கணிப்பைக் கொண்டாடுவது எளிது. பலிக்காதவற்றிலிருந்து நாம் கற்பதற்கு மிகுதி உண்டு.

தேர்வாளர் அளப்பவை யாவை? ஓட்டத்தின் வேகம், பந்தின் வேகம், மூச்சின் தாங்குதிறன், முந்தைய ஆட்டங்களின் எண்கள், பிறகு அனுபவசாலியின் கண். இவற்றுள் எதுவும் பொய்யன்று. 1987-இல் எம்.ஆர்.எஃப். நிறுவனம் சென்னையில் வேகப்பந்து வீச்சாளர்களுக்கான பயிற்சி மையத்தைத் தொடங்கியபோது, ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி அதற்குத் தலைமைப் பயிற்சியாளரானார். வேகப்பந்து வீச்சாளராகும் ஆவலுடன் மும்பையிலிருந்து வந்த சச்சின் டெண்டுல்கர் என்னும் சிறுவனை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை. மட்டையாட்டத்தில் கருத்தைச் செலுத்துமாறு சொல்லி அனுப்பினார். 1989 நவம்பரில் அச்சிறுவன் 16 வயதில் இந்தியாவுக்காக ஆடினான். லில்லியின் தீர்ப்பு சரியானது. ஏனெனில் அது ஒரு பணியைப் பற்றிய தீர்ப்பு. 'இந்த வேலை உனக்குரியதன்று' என்றாரேயன்றி, 'நீ எதற்கும் ஆகாதவன்' என்று அவர் சொல்லவில்லை.

இனி நம் தமிழகத்து இளைஞர் இருவரைக் காண்போம். வருண் சக்கரவர்த்தி கட்டடக்கலை படித்து, அத்தொழிலையும் சிலகாலம் செய்து, பின்னர் அதை விட்டுக் கிரிக்கெட்டுக்குத் திரும்பியவர். 2018-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் போட்டியில் அவருடைய சுழல் பலரைத் திகைக்க வைத்தது. அவ்வாண்டு டிசம்பர் ஏலத்தில் அவருடைய அடிப்படை விலை 20 லட்சம். பஞ்சாப் அணி கொடுத்ததோ 8 கோடியே 40 லட்சம். 2019-இல் அவர் ஆடியது ஒரே ஆட்டம். வீசிய முதல் ஓவரிலேயே 25 ஓட்டங்கள் போயின. காயமும் சேர்ந்துகொள்ள, அணி அவரை விடுவித்தது. அதற்கடுத்த ஏலத்தில் கொல்கத்தா அணி 4 கோடிக்கு அவரை எடுத்து, தொடர்ந்து வாய்ப்பளித்தது. 2021 உலகக் கோப்பையில் ஒரு விக்கெட்டும் கிட்டாமல் இந்திய அணியிலிருந்து விலக்கப்பட்ட அவர், மூன்றாண்டுகள் கழித்து, 2024 அக்டோபரில் மீண்டும் அழைக்கப்பட்டார். 2025-இல் இந்தியா சாம்பியன்ஸ் கோப்பையை வென்றபோது 9 விக்கெட்டுகள் அவருடையவை.

மற்றவர் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் த. நடராஜன். வறுமையில் வளர்ந்து டென்னிஸ் பந்தில் வீசிப் பழகியவர். 2015-இல் ரஞ்சி ஆட்டத்தில் அறிமுகமானதுமே அவர் கை வீசும் முறை ஐயத்துக்குள்ளானது. அதைத் திருத்திக்கொண்டு திரும்ப நெடுங்காலம் உழைத்தார். 2017-இல் 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 3 கோடிக்கு ஏறினார். அப்பருவத்தில் 2 விக்கெட்டுகளே கிட்டின. 2018-இல் ஐதராபாத் அணி அவரை 40 லட்சத்துக்கு எடுத்து, இரண்டு பருவங்கள் ஓர் ஆட்டத்திலும் இறக்காமலே தன்னுடன் வைத்திருந்தது. 2020-இல் வாய்ப்பு வந்தபோது 16 விக்கெட்டுகள் வீழ்த்தினார். வலைப்பயிற்சிக்குப் பந்து வீசுபவராக ஆஸ்திரேலியாவுக்குச் சென்றவர், அதே பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். 3 கோடி பெற்ற நடராஜனும் 40 லட்சம் பெற்ற நடராஜனும் ஒருவரே. மாறியது அவரைப் பற்றிய பிறருடைய எண்ணம்.

அமெரிக்க நாட்டுக் கால்பந்தில் கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் வரிசைமுறைப்படி தேர்ந்தெடுக்கும் வழக்கம் உண்டு. அவர்களுள் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் 'குவாட்டர்பேக்' வீரரைக் கணிப்பதே மிகக் கடினம் என்பர். உயரம், எடை, ஓட்டம், எறியும் வலிமை எல்லாம் அளந்து பார்க்கிறார்கள். 2000-ஆம் ஆண்டில் 198 பேர் எடுக்கப்பட்ட பின்னரே டாம் பிரேடியின் பெயர் அழைக்கப்பட்டது. அவர் ஏழுமுறை வாகை சூடினார். 2007-இல் முதலாவதாகவே எடுக்கப்பட்ட ஜமார்கஸ் ரஸ்ஸல் மூன்று பருவங்களோடு நின்றுபோனார். அத்தனை செல்வமும் கருவிகளும் உள்ள நாட்டிலும் நிலைமை இதுதான்.

ஏன் இவ்வாறு நிகழ்கிறது? அளவுகோல் போதவில்லை என்பது பாதி விடை. மறுபாதி ஆழமானது. கல்லை எடைபோட்டால் கல் மாறுவதில்லை. மனிதனை எடைபோட்டால் அவன் மாறுகிறான். பெருவிலை பெற்றவன்மேல் எதிர்பார்ப்பு ஏறி நிற்கிறது. ஆனால் அவனுக்கே நல்ல பயிற்சியும் இரண்டாம் வாய்ப்பும் முதலில் கிட்டுகின்றன. விலை பெறாதவன் ஒருமுறை தவறினால் மறைந்துபோகிறான். ஆகவே தேர்வாளர் எதிர்காலத்தை முன்னறிவிப்பவர் மட்டுமல்லர். அதை உருவாக்குவதில் அவருக்கும் பங்குண்டு. பங்குண்டு என்றால் பொறுப்பும் உண்டு. தேர்ந்தெடுத்தல் என்பது கணிப்பு என்பதைவிட ஒரு வாக்குறுதி என்பதே பொருந்தும்.

புனித அக்குவினா தோமையார், நீதியைப் பற்றி ஆராயுமிடத்தில், பொருள்களைப் பற்றித் தீர்ப்பிடுவது வேறு, மனிதரைப் பற்றித் தீர்ப்பிடுவது வேறு என்று பிரித்துக் காட்டுகிறார். பொருளைத் தவறாக மதிப்பிட்டால் பொருளுக்குக் கேடில்லை. மனிதனைத் தவறாக மதிப்பிட்டால் அவனுக்கு அநீதி இழைக்கிறோம். எனவே, தெளிவற்ற இடத்தில் நல்லெண்ணத்தின் பக்கமே சாயவேண்டும் என்பது அவர் முடிபு. அவர் பேசுவது ஒழுக்கத்தைப் பற்றிய ஐயங்களை. பந்து வீச்சின் வேகத்தை அன்று. ஆயினும், தீர்ப்புக்குள்ளாகும் மனிதனுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்னும் அடிப்படை இரண்டுக்கும் ஒன்றே.

தாவீதின் கதையை நாம் அறிவோம். ஈசாயின் மூத்த மகன் எலியாபின் தோற்றத்தைக் கண்டதும் இறைவாக்கினர் சாமுவேலே இவன்தான் என்று எண்ணிவிட்டார். முன்னர் அவர் அருள்பொழிவு செய்த சவுலும் எல்லாரிலும் உயர்ந்து நின்றவன் அன்றோ! நாம் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று அக்கதையில் உண்டு. கடைக்குட்டியைத் தந்தையே வரிசையில் கொண்டுவந்து நிறுத்தவில்லை. அவன் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். கண்முன் நிற்பவர்களுள் சிறந்தவனைத் தேடுமுன், யார் இங்கே அழைக்கப்படவில்லை என்று கேட்பதே நேர்மையான தேர்வின் முதற்படி. 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியதால் மாவட்டத்து இளைஞர் பலர் பெரிய தேர்வாளர்களின் பார்வைக்கு வந்தனர். அதற்குமுன் அவர்களிடம் திறமை இல்லாமலில்லை, அழைப்புத்தான் இல்லை.

வள்ளுவரும் இதை எண்ணியிருக்கிறார். 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என்று இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். ஆராயாமல் நம்புவது, நம்பியபின் ஐயுறுவது ஆகிய இரண்டும் தீராத் துன்பம் தரும் என்கிறார். உரியவனைக் கண்டபின் வேலையை அவனிடமே விட்டுவிடச் சொல்கிறார். முதற்பாதியை நம் காலம் நன்கு கற்றுவிட்டது. ஆராய்வதற்குக் கணினிகள் உண்டு. இரண்டாம் பாதியைத்தான் மறந்துவிட்டது. ஒரே ஆட்டம், ஒரே ஓவர் கண்டு ஒருவனை முடித்துவிடுகிறோம்.

'அணி நடத்துவோர் அறச்சாலை நடத்தவில்லையே, இடம் பதினொன்றுதானே?' என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. எல்லாரையும் எடுக்க இயலாது. எடுத்த எல்லாரையும் என்றென்றும் வைத்திருக்கவும் இயலாது. வாக்குறுதி என்றால் முடிவற்ற ஒப்பந்தம் அன்று. தகுந்த பயிற்சி, தன்னைக் காட்டப் போதிய காலம், விலக்கும்போது மரியாதை ஆகிய மூன்றையும் கொடுத்தபின் விலக்குவது அநீதியாகாது. கொடுக்காமல் விலக்கினால், தேர்வாளர் தம் கணிப்பின் தவறுக்கு இளைஞனைத் தண்டிக்கிறார்.

எடுக்கப்படாதவர்களுக்கும் ஒரு கடன் உண்டு. அது உண்மை. இரக்கத்தால் 'நீ நிச்சயம் வருவாய்' என்று பொய்யுரைப்பது அவர்களுடைய ஆண்டுகளைத் திருடுவதாகும். ஆனால் உண்மை என்பது இன்றைய நிலையைப் பற்றியதாக மட்டுமே இருக்கமுடியும். 'இன்று உன் வேகம் இவ்வளவு, இப்பணிக்கு வேண்டியது இவ்வளவு' என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. 'நீ இவ்வளவுதான்' என்று சொல்ல இல்லை. முன்னது கதவைக் காட்டுகிறது. பின்னது கதவை அடைக்கிறது.

தயங்கி நிற்கும் பெற்றோருக்கும் இதுவே விடையாகும். தேறுவானா என்று சொல்ல எவராலும் இயலாது. பந்தோடு பழகிய பயிற்சியாளரிடம் இன்றைய உண்மையைக் கேளுங்கள். படிப்பைக் கைவிடச் செய்யாதீர்கள். ஒரே கதவுள்ள வீட்டில் பிள்ளையை வைக்கலாகாது. அவன்மீது செலவிட்ட பணத்தை அவனுக்கு விலையாக்கிவிடாதீர்கள். தோற்ற நாளிலும் இரவுச் சோறு அதே அன்போடு பரிமாறப்படும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கட்டும். சின்னப்பம்பட்டியில் தம் ஊர்ப் பிள்ளைகளுக்காக நடராஜன் அமைத்த ஆடுகளம் 2023-இல் திறக்கப்பட்டது. அங்கே ஓடிவரும் எல்லாரும் இந்தியாவுக்கு ஆடப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியாததன்று. தெரிந்தேதான் களத்தை அமைத்திருக்கிறார்.