பார்க்க வந்தவர்களின் கடன்

கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டையில் வீதி பிரிகிறது. ஏ9 மாத்தளை, தம்புள்ளை என்று வடக்கே யாழ்ப்பாணம் வரை போகும். ஏ10 குருநாகல் பக்கம் திரும்பும். ரயில் பாதையும் இங்கே மகாவலியைக் கடந்துதான் வத்தேகம, உக்குவளை வழியாக மாத்தளைக்குப் போகிறது. அந்தப் பாதை 1880இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு, கோப்பிக் காலத்தில், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து மாத்தளை வந்து சேர்ந்த தமிழகக் குடும்பங்களில், கண்டிச் சீமைத் தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டவர்கள் இந்த ஆற்றைத் தாண்டித்தான் போனார்கள். காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பசிக்கும் வழியெங்கும் உறவுகளைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர்கள் அவர்கள்.

இன்று அதே வீதியில் சுற்றுலா வான்கள் ஓடுகின்றன. பெரும்பாலானவற்றில் தலதா மாளிகையும் சிகிரியாவும் பார்க்க வந்தவர்கள் இருப்பார்கள். எப்போதாவது ஒரு வானில் வேறு ஒரு கூட்டம் வரும். வெளிநாட்டு இறையியல் கல்லூரி ஒன்றின் மாணவர்கள், கூடவே ஒரு பேராசிரியர், ஒரு மொழிபெயர்ப்பாளர். அவர்கள் தேயிலை மலைக்குப் போவது படம் பிடிக்க அல்ல; நீதி என்றால் என்ன என்று படிக்க. திருச்சபை வட்டாரத்தில் இதற்கு எக்ஸ்போஷர் என்று பெயர். பத்து நாளோ மூன்று வாரமோ ஏழைகளோடு இருந்து, கேட்டு, திரும்பிப் போய்க் கட்டுரை எழுதினால் பாடத்துக்கு மதிப்பெண் உண்டு.

ஒருவருடைய வறுமை இன்னொருவருக்குப் பாடமாகலாமா? ஆகலாம் என்றால், அந்தப் பாடத்துக்கு யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்?

இந்தப் படிப்புமுறை கெட்ட எண்ணத்தில் பிறந்ததல்ல. நூலகத்திலும் சிற்றாலயத்திலும் மட்டுமே வளர்ந்த ஒருவர் நாளை ஒரு பங்கின் பொறுப்பை ஏற்கும்போது பசியைப் பற்றிப் பிரசங்கிப்பார், பசித்தவரைத் தெரிந்திருக்கமாட்டார். இந்த அச்சம் நியாயமானது. அமெரிக்காவில் 1980களின் பிற்பகுதியில் பன்னிரண்டு இறையியல் கல்லூரிகள் சேர்ந்து, ப்ளவ்ஷேர்ஸ் நிறுவனத்தின் வழிகாட்டலில், ஆசிரியர்களையும் மாணவர்களையும் ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா என்று அனுப்பிப் பார்த்தன. அந்த முயற்சியிலிருந்து உலக நீதிப் பயணம் பல கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் இடம்பிடித்தது. மதுரை அரசரடியில் 1969இல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரி இன்னும் கடினமான வழியைத் தேர்ந்தது. மாணவர்களைக் கல்லூரி வளாகத்துக்கு வெளியே, குடிசைப் பகுதிகளில் குடியிருந்து படிக்க அனுப்பியது. அதற்கு விமானம் தேவைப்படவில்லை.

எதிர்ப்புக் குரலும் பழையதுதான். 1968 ஏப்ரலில் இவான் இலிச், அப்போது அவரும் ஒரு குருவானவர், மெக்சிகோக் கிராமங்களில் கோடைச் சேவை செய்யக் கிளம்பிய அமெரிக்க மாணவர்கள் முன்னால் பேசினார். உதவி செய்கிறோம் என்று வராதீர்கள், வேடிக்கை பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், ஆனால் உங்கள் நல்லெண்ணத்தை எங்கள் தலையில் கட்டாதீர்கள் என்பதே அந்தப் பேச்சின் சாரம். அதைக் கேட்டவர்களுக்கு வலித்திருக்கும். வலிக்க வேண்டிய பேச்சுத்தான். ஆனாலும் இலிச் ஒரு கதவைத் திறந்தே வைத்தார்: படிக்க வரலாம். கடன் அந்தக் கதவுக்கு அப்பால்தான் தொடங்குகிறது.

போய்ப் பார்த்ததால் உலகம் மாறிய சம்பவம் உண்டா? உண்டு. அது தமிழர் வரலாற்றிலேயே இருக்கிறது. 1915இல் சி. எஃப். ஆண்ட்ரூஸ், ஆங்கிலிக்கன் குருவாகப் பட்டம் பெற்றவர், நண்பர் பியர்சனோடு பிஜித் தீவுக்குக் கப்பலேறினார். அங்கே கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக இருந்தவர்களில் தமிழர்களும் கணிசம். ஆண்ட்ரூஸ் அங்கே வாழப் போனவரல்ல. சில வாரங்கள் தங்கியவர்தான். கூலி லயன்களுக்குள் போனார், பெண்களுக்கு நடந்த கொடுமைகளைக் கேட்டார், அடுத்த ஆண்டு இருவரும் அறிக்கை வெளியிட்டார்கள். இந்தியாவில் ஏற்கெனவே மூண்டிருந்த எதிர்ப்புக்கு அது எண்ணெய் ஊற்றியது. 1917இல் ஆள்பிடிப்பு நின்றது. 1920 ஜனவரி முதல் நாள் பிஜியில் மிச்சமிருந்த ஒப்பந்தங்களும் முடிவுக்கு வந்தன.

ஆகவே குறுகிய பயணம் என்பதாலேயே ஒன்று பாவமாகிவிடாது. ஆண்ட்ரூஸ் தன் உணர்ச்சிகளைப் பற்றி எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும். யாருடைய கையில் சட்டம் இருந்ததோ அவர்களிடம், தன் சொந்த நாட்டு ஆட்சியிடமே, கணக்குக் கேட்டார். 1917இல் மீண்டும் பிஜிக்குப் போனார். பார்த்ததை ஒரு பொறுப்பாக எடுத்துக்கொண்டு, அது தீரும்வரை சுமந்தார்.

இனி ஒரு தோட்டத்து லயத்துக்குள் இந்தப் பயணம் எப்படி நுழைகிறது என்று பார்க்கலாம். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, முன்னால் ஒரு ஒடுங்கிய இஸ்தோப்பு. வெள்ளைக்காரப் பிரதர்மார் வருகிறார்கள் என்று தோட்டத் தலைவர் முதல் நாளே சொல்லியிருப்பார். பக்கத்துக் காம்பராவிலிருந்து பிளாஸ்டிக் கதிரைகள் வரும். விருந்தாளிக்கு வெறும் தேத்தண்ணி கொடுக்க முடியாது. கடையில் கடனுக்கு ஒரு பிஸ்கட் பக்கட் வாங்கப்படும். கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவரிடம் கேள்விகள் கேட்கப்படும்: எத்தனை கிலோ, எவ்வளவு சம்பளம், பிள்ளைகள் படிக்கிறார்களா, குடிக்கிற புருஷனா. கடைசிக் கேள்வியை எந்த நாட்டிலும் ஒரு அந்நியர் இன்னொரு வீட்டில் கேட்கத் துணியமாட்டார். இங்கே கேட்கலாம் என்ற துணிவு எங்கிருந்து வருகிறது என்பது பயணத் திட்டத்தில் எழுதப்பட்டிருக்காது. அந்த அக்கா மலைக்கு நேரத்துக்குத் திரும்பாவிட்டால், அல்லது சொன்ன நிறைக்குக் கொழுந்து எடுக்க முடியாமல் போனால், அன்றைக்கு அரைப் பேர்தான். மாணவருக்கு மதிப்பெண், அவருக்கு அரைநாள் சம்பளம்.

பண விஷயத்தையும் பேசித்தான் ஆக வேண்டும். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்றானது. 2024இல் அரசு நிர்ணயித்த அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய். அமெரிக்காவிலிருந்து ஒரு மாணவரின் விமானச் சீட்டு 1,500 டாலர் என்றும், டாலர் ஒன்றுக்கு 300 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், சீட்டின் விலை நாலரை லட்சம் ரூபாய். அந்த 2024 சம்பளப்படி கொழுந்து எடுப்பவரின் 333 நாட்சம்பளம் அது. பதினைந்து மாணவர் வந்தால்? இந்தக் கணக்கைப் பார்த்ததும், பணத்தையே அனுப்பியிருக்கலாமே என்று தோன்றுவது இயல்பு.

இந்தக் கேள்வியைத் தொடும் ஓர் ஆய்வும் உண்டு. ஹொண்டுராஸ் நாட்டில் மிட்ச் சூறாவளிக்குப் பிறகு வீடு கட்டிக்கொடுக்க வட அமெரிக்கத் திருச்சபைக் குழுக்கள் போயின. குர்ட் வெர் பீக் என்ற ஆய்வாளர் அதை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார். ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர் செலவு. ஒரு குழுவின் பயணத்துக்கு ஏறத்தாழ 30,000 டாலர் செலவு. வீடு பெற்றவர்களுக்கு யார் கட்டினார்கள் என்பது பெரிய விஷயமாக இருக்கவில்லை. போய் வந்தவர்களின் வாழ்க்கையிலோ கொடையிலோ நிலையான பெரிய மாற்றமும் தென்படவில்லை. போய் வந்த எல்லோரும் வாழ்க்கையே மாறிவிட்டது என்று சொல்லியிருப்பார்கள். அந்த நேரத்தில் அது உண்மையாகவும் இருந்திருக்கும். கண்ணீரில் உண்மை இருக்கலாம். அது வற்றிய பிறகு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதே கேள்வி.

கண்டிக்கு இந்த விஷயத்தில் சொல்லிக்கொள்ள நிறைய உண்டு. குருமார்களை உருவாக்கும் ஊர் இது. 1893இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் இந்தியாவுக்கும் சேர்த்தே ஒரு குருமடத்தைக் கண்டியில் நிறுவினார். 1955இல் அது புனேக்கு இடம்பெயர, அம்பிட்டியவில் இலங்கைக்கான தேசிய குருமடம் அமைந்தது. கொழும்பு வீதியில் பிலிமத்தலாவையில் 1963 முதல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்திஸ்த சபைகள் சேர்ந்து நடத்தும் இலங்கை இறையியல் கல்லூரி இருக்கிறது. அங்கே சிங்களத்திலும் தமிழிலும் படிப்பு. போர்க்காலத்திலும் இரு மொழி மாணவர்களும் ஒரே வளாகத்தில் உண்டு உறங்கினார்கள் என்பதே ஒரு பெரிய பாடம்.

இந்த நாட்டிலேயே இரண்டு குருமார் வேறு ஒரு வழியைக் காட்டினார்கள். இயேசு சபைக் குருவான போல் காஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்தியோதய நிலையத்தைத் தொடங்கினார். 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் தலையெண்ணிப் பங்கிடப்பட்ட தோட்டத் தமிழ் மக்கள்தான் அவரது கவலை. இந்தியா திரும்புவோர் ஐந்தேகால் லட்சம், இங்கே இருப்போர் மூன்று லட்சம் என்று இலங்கை, இந்திய அரசுகள் தாளில் எழுதியபோது எந்த லயத்திலும் யாரும் சம்மதம் கேட்கப்படவில்லை. சிங்களவர், தமிழர், பௌத்தர், இந்து, கிறிஸ்தவர் என்று எல்லோரும் சேர்ந்து வேலை செய்யும் இடமாக சத்தியோதயம் இருந்தது. 2017இல் இறக்கும்வரை காஸ்பர்ஸ் அந்த மக்களை விட்டு விலகவில்லை. வெளிநாட்டிலிருந்து படிக்க வந்தவர்கள் அவரிடமும் வந்தார்கள். ஆனால் அவரிடம் வந்தவர் ஒரு நிறுவனத்தின் நீண்டகால உழைப்புக்குள் வந்தார். வந்தவர் போன பிறகும் கேள்வி கேட்க ஆள் இருந்தது.

மைக்கல் ரொட்ரிகோவின் கதை இன்னும் கனமானது. அமல மரித் தியாகிகள் சபைக் குருவான அவர் அம்பிட்டிய குருமடத்தில் பேராசிரியராக இருந்தவர், இரண்டு முனைவர் பட்டங்கள் பெற்றவர். விரிவுரை மேடையை விட்டுவிட்டு 1980இல் மொனராகலை மாவட்டத்துப் புத்தல பகுதிக்குப் போய், முழுக்க முழுக்க பௌத்தர்களான ஏழை விவசாயிகளுக்கு நடுவே ஒரு எளிய வீட்டில் குடியேறினார். யாரையும் மதம் மாற்றப் போகவில்லை. அவர்களிடம் கற்கப் போனார். கரும்புக் கம்பனியிடம் நிலத்தை இழந்தவர்களின் பக்கம் நின்றார். ஆபத்து நெருங்கியபோது போய்விடலாம் என்ற வழி அவருக்கு இருந்தது. போகவில்லை. 1987 நவம்பர் 10ஆம் திகதி, திருப்பலி ஒப்புக்கொடுத்துக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார்.

எல்லோரையும் ரொட்ரிகோவைப் போல் ஆகச் சொல்வது நியாயமில்லை. இருபத்திரண்டு வயது மாணவரிடம் உயிரைக் கேட்க எந்தக் கல்லூரிக்கும் உரிமை கிடையாது. அவர் பார்க்கட்டும், குழம்பட்டும், திரும்பிப் போகட்டும். ஆனால் ரொட்ரிகோவை நினைவில் வைத்துக்கொண்டால் ஒன்று தெளிவாகும். ஏழையோடு இருப்பதன் எடை, வேண்டும்போது எழுந்து போய்விட முடியாத நிலையில்தான் தெரியும். திரும்பும் சீட்டு சட்டைப் பையில் இருப்பவர் அந்த எடையைச் சுமந்துவிட்டதாகச் சொல்லக் கூடாது. சொல்லாமல் இருப்பதே அவருடைய முதல் நேர்மை.

இன்னொரு அநீதி யார் கண்ணிலும் படாமல் இருக்கிறது. அங்கிருந்து இங்கே வரலாம்; இங்கிருந்து அங்கே போவது அவ்வளவு சுலபமில்லை. சிகாகோ வீதிகளில் குளிரில் படுத்திருக்கும் வீடற்றவர்களிடமிருந்து நீதியைப் படிக்க வேண்டும் என்று பிலிமத்தலாவை மாணவர் ஒருவர் விசாவுக்கு விண்ணப்பித்தால், திரும்பி வருவாரா என்றுதான் முதலில் சந்தேகிப்பார்கள். வங்கிக் கணக்கைக் கேட்பார்கள். ஒரு பக்கம் மட்டுமே பார்க்கும் உரிமையும் மறுபக்கம் பார்க்கப்படும் கடமையும் இருக்குமென்றால், உலக நீதி என்ற பெயரை அந்தப் பாடத்துக்கு வைப்பதற்கு முன் யோசிக்க வேண்டும். கல்லூரி ஒன்று பதினைந்து பேரை அனுப்பினால், அதே செலவில் இங்கிருந்து ஐந்து பேரையாவது அழைக்கட்டும். தங்கள் ஊர் வறுமையை இவர்களுக்குக் காட்டும்போது வரும் கூச்சம் எந்தப் புத்தகமும் தராத பாடம்.

மதிப்பெண் விஷயத்தையும் இங்கே பேச வேண்டும். மாணவரின் கட்டுரையைப் பேராசிரியர் திருத்துகிறார். யாருடைய வாழ்க்கை அந்தக் கட்டுரையில் இருக்கிறதோ அவர் அதைப் பார்ப்பதே இல்லை. அது தமிழில் அவரிடம் திரும்பி வருவதில்லை. அதில் தன்னைப் பற்றி எழுதியிருப்பது சரியா தவறா என்று சொல்ல அவருக்கு வழியில்லை. மருத்துவ ஆராய்ச்சியில் நோயாளியின் சம்மதம் எழுத்தில் வேண்டும் என்று உலகம் ஏற்றுக்கொண்டு பல பத்தாண்டுகள் ஆகின்றன. தோட்டத்துக் குழந்தைகளைப் பராமரிக்கும் பிள்ளைக்காம்பராவுக்குள் புகுந்து குழந்தைகளைப் படம் எடுக்க மட்டும் ஏன் யாருடைய சம்மதமும் தேவையில்லை?

வெளிநாட்டாரைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நிறுத்துவது சரியல்ல. கட்டுகஸ்தோட்டையிலிருந்து வத்தேகம, பன்வில பக்கம் பஸ் ஏறினால் சற்று நேரத்தில் தேயிலை மலை வந்துவிடும். நம்மூர்ப் பிரதர்மாரும் அங்கே போகிறார்கள். மொழி ஒன்று என்பதால் அவர்கள் விருந்தாளிகள் அல்ல என்றாகிவிடாது. லயத்து மக்கள் எழுந்து நின்று சாமி என்று கும்பிடும் வழக்கம் இருக்கும்வரை, கேள்விக்கு மறுப்புச் சொல்ல அவர்களுக்குத் துணிவு வராது. அந்தக் கும்பிடு கேள்வி கேட்பவரின் பொறுப்பைக் கூட்டுகிறது.

2023இல் மலையக மக்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபயணம் நடந்தது. ஜூலை 28இல் தொடங்கி ஓகஸ்ட் 12இல் முடிந்தது. முன்னோர் நடந்த பாதையை நினைத்து அந்த மக்களே அழைத்த நடை அது. காணி உரிமை, வீட்டுரிமை, சமமான குடிமக்களாக வாழும் உரிமை என்று கோரிக்கைகளையும் அவர்களே எழுதினார்கள். குருமாரும் துறவியரும் சிங்கள நண்பர்களும் கூட நடந்தார்கள். அங்கே யாரும் யாரையும் பார்க்க வரவில்லை. சேர்ந்து நடக்க வந்தார்கள். கள அனுபவப் பாடம் ஒன்றுக்கு முன்மாதிரி வேண்டுமென்றால் இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது.

கண்டியிலும் வெளியிலும் இத்தகைய பாடங்களை நடத்தும் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த குழுவுக்குத் திகதி குறிப்பதற்கு முன் தோட்டத்துப் பெண்களோடு உட்கார்ந்து பேசுங்கள். வர வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் போகாதீர்கள். வாருங்கள் என்றால், பேசக் கொடுக்கும் நாளுக்கு முழுப் பேருக்கான சம்பளத்தைக் கொடுங்கள். தேத்தண்ணிச் செலவைக் கொடுங்கள். மாணவர் எழுதியதைத் தமிழில் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள், மதிப்பெண் போடும்போது அவர்கள் சொல்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பிய மாணவர், தன் ஊர்க் கடையில் விற்கும் தேயிலை எந்தத் தோட்டத்தில் என்ன சம்பளத்துக்குப் பறிக்கப்பட்டது என்று அந்தக் கம்பனிக்கு எழுதிக் கேட்கட்டும். வந்த பதிலை இந்த லயத்துக்கு அனுப்பட்டும். அதற்குப் பிறகு அவருக்குச் சான்றிதழ் கொடுங்கள்.