நான்கு தூண்களும் ஒரே உயரம்

போன பிப்ரவரி 15 மாலை, சிங்கப்பூர் பீச் ரோட்டில் இருக்கும் ஜப்பானிய ஆக்கிரமிப்பில் மாண்ட பொதுமக்களுக்கான போர் நினைவுச்சின்னத்தில் ஒரு சீன மூதாட்டியைப் பார்த்தேன். காலையில் வைத்த மலர்வளையங்கள் வாடத் தொடங்கியிருந்தன. அவர் ஒரு தூணில் உள்ளங்கையை ஊன்றி நின்றிருந்தார். கூட வந்த பெண் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். அவர் வாங்கவில்லை, கையையும் எடுக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் ஒரு கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது. அதுதான் தம்முடைய தூண் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

சீனர், மலாய்க்காரர், இந்தியர், யுரேஷியர் என்று இனத்துக்கொரு தூண். ஆனால் எந்தத் தூணிலும் இனத்தின் பெயர் இல்லை. நான்கும் ஒரே வெள்ளை, ஒரே உயரம், 60 மீட்டருக்கு மேல்.

சாவு அப்படிச் சமமாக வரவில்லை. 1942-இல் பிரிட்டிஷார் சரணடைந்த சில நாட்களிலேயே ஜப்பானியர் சீன ஆண்களை வரிசையில் நிறுத்திப் பிரித்தெடுத்தார்கள். லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். 'சூக் சிங்' என்று அதற்குப் பெயர். எத்தனை பேர் என்பதில் இன்றும் தகராறு: 5,000 என்றும் சொல்கிறார்கள், 50,000 என்றும் சொல்கிறார்கள். 1962-இல் சிக்லாப் பக்கம் எலும்புகள் வெளிப்பட்டபோது பொறுப்பேற்றது சீன வர்த்தக சபை. எழுப்பும் சின்னம் எல்லா இனத்துக்கும் பொதுவாக இருக்கட்டும் என்றது அரசு, சபை ஒப்புக்கொண்டது. 1967 பிப்ரவரி 15 அன்று லீ குவான் யூ திறந்துவைத்த சின்னத்தின் அடியில் அந்த எலும்புகள் அடங்கிய 600-க்கும் மேற்பட்ட தாழிகள் இருக்கின்றன. எழவு வீட்டுக்காரர் தம் பந்தலிலேயே பக்கத்து வீட்டு எழவுக்கும் இடம் விட்ட மாதிரிதான் இது.

எங்கள் எழவு வேறு இடத்தில் நடந்தது. ஜொகூரில் பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். 'ஜப்பான்காரன் காலம்' என்றால் எனக்கு அப்பாயியின் பால்டின்தான். அதற்குள் வாழைமரம் அச்சிட்ட பத்து வெள்ளி நோட்டுகள். ஜப்பான் தோற்றதும் வெறும் காகிதமாகிப் போனவை. எங்களுக்கு விளையாட்டுக் காசு. அப்பாயிக்கோ அவர் தம்பியை ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தபோது கொடுத்த முன்பணம். "மூணு மாசத்துல வந்துருவான்னு சொன்னானுங்க" என்பார். தம்பி வரவில்லை. 415 கிலோமீட்டர்ப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அங்கே மாண்ட நேச நாட்டுக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள். தோட்டங்களிலிருந்து போன தமிழர்களில் பெரும்பாலோருக்கு ஒரு கல்கூடக் கிடையாது.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' இளவயதில் படித்தது, பாதி மறந்துவிட்டது. அதன் நாயகன் பாண்டியன் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்வது மட்டும் நினைவிருக்கிறது. எங்கள் லயத்திலும் அப்படிச் சேர்ந்த ஒரு தாத்தா இருந்தார். நேதாஜி படத்துக்குத் தவறாமல் மாலை போடுவார். அதே ஜப்பானியன் அவருக்குக் கூட்டாளி, இரண்டு கதவு தள்ளியிருந்த அப்பாயிக்கு எமன். சிங்கப்பூர் எஸ்பிளனேடில் 1945 ஜூலையில் போஸ் அந்த ராணுவத்துக்காக அடிக்கல் நாட்டிய சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷார் தகர்த்தார்கள். 1995-இல்தான் அங்கே ஓர் அடையாளக் கல் வந்தது. இந்தியருக்கென்று பீச் ரோட்டில் இருப்பது ஒரே தூண். எந்த இந்தியருக்கு?

மறுபடியும் அந்தக் கைக்கே வருகிறேன். முட்டி வலிக்குப் பிடிமானமாக வைத்த கையாகவும் இருக்கலாம். நான்கில் எது யாருடையது என்று அவர் யோசித்திருக்கவே மாட்டாரோ என்னவோ. யோசித்துக்கொண்டிருப்பது நான்தான்.

கணக்குப் பார்த்துத் தூண் எழுப்பினால் ஒன்று வானம் தொடும், இன்னொன்று முழங்காலைத் தாண்டாது. ஒரே புளோக்கில், ஒரே லிப்டில் ஏறி இறங்குகிறவர்கள் அந்தக் கணக்கோடு காலம் தள்ள முடியாது. கணக்கே வேண்டாம் என்று விட்டாலோ, அப்பாயியின் தம்பி எப்படிச் செத்தார் என்பதை என் மகனுக்கு அந்தத் தூண் ஒருநாளும் சொல்லாது. அடுத்தவர் துக்கத்தில் கிடைத்த சம பங்கை நன்றியோடு ஏற்பதா, என் துக்கத்துக்குத் தனியிடம் கேட்பதா? இரண்டும் நியாயமாகத்தான் படுகின்றன. இரண்டையும் ஒரே ஆள் கேட்கலாமா என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.